கழுகு இறங்குவதற்கு முன்

நவீன், நீ போனை எடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. நான் கூப்பிடக் கூப்பிட அது அடித்து ஓய்கிறது. அப்புறம் ஒரு பெண் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். சேதியை அவளிடமே சொல்லி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் பேனாவை எடுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் கடிதம் எழுதுகிறானாம் என்று சிரிக்காதே. அந்தப் பாதி வகுப்பிலேயே என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தலைமையாசிரியர், கலெக்டர் ஆபீசில் உட்கார வேண்டியவன் இவன் என்று பள்ளிக்கூடமே கேட்கச் சொன்னார். ஊத்தங்கரையில் போய் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பார். யாருக்கும் ஞாபகம் இருக்காது, அது வேறு விஷயம்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகலூர் ரோட்டில் நீ இருக்கும் அறையின் கதவுக்கடியில் இன்றைக்குச் சாயங்காலம் இதைச் சொருகிவிடுவேன். நாளைக் காலையில் இதே கடிதம் நம் பழைய இரும்பு வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் வரும். ஒரு பிரதியை உன் கம்பெனி வாசலில் தொழிலாளிகள் போராட்டத்துக்குப் போட்டிருக்கிற பந்தலில் ஒட்டச் சொல்லியும் கொடுக்கப் போகிறேன். உன் சித்தி தலையில் அடித்துக்கொள்கிறாள். "குடும்ப விஷயத்த எதுக்குங்க ஊருக்கெல்லாம் படிக்கக் குடுக்கறீங்க?" என்கிறாள். ஊரே கேட்கும்படிதானே உன்னைக் கழுகு என்று கூப்பிட்டார்கள்? பதிலை மட்டும் எதற்கு ரகசியமாகச் சொல்ல வேண்டும்?

பந்தலில் இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நவீனைப் பெற்றவர் என் அண்ணன். அவர் போனபிறகு அண்ணி ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். பையன் படிப்புக்காக ஓசூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் பிள்ளை மகன்தானே, இதில் யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. வாயால் சித்தப்பா என்று கூப்பிடுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்ததை நீ என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. உன் கம்பெனியை மூடுகிறார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, மெயின்டனன்ஸ் எஞ்சினியர் என்று உன்னை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை காலையில் மேனேஜர் உன் கையில் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு பிரஷ்ஷும் கொடுத்தார். வெட்டிப் போடவேண்டிய மெஷினுக்குச் சிவப்பில் குறுக்குக் கோடு போடுவது எங்கள் தொழிலில் இருக்கிற வழக்கம். ஓடுகிற மெஷின் என்றால் வெள்ளையில் வட்டம். உனக்குக் கொடுத்தது சிவப்பு மட்டும். திங்கட்கிழமை லாரி வருவதற்குள் மொத்த ஷெட்டுக்கும் குறுக்குக் கோடு போட்டு முடிக்க வேண்டும். முடித்தால் புனேயில் அவர்களுடைய இன்னொரு கம்பெனியில் உனக்கு வேலை. அந்த டப்பாவோடு நீ கேட்டைத் தாண்டும்போதுதான் பந்தலிலிருந்து ஒரு குரல் வந்திருக்கிறது: "வழி வுடுங்கடா, பொணந்தின்னிக் கழுகு வருது!"

நீ திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய். மத்தியானம் எனக்குப் போன் பண்ணி இவ்வளவையும் சொன்னாய். "சித்தப்பா, இந்தப் பேர நீங்கதான் எனக்கு வாங்கிக் குடுத்தது. சின்ன வயசுலருந்து தூக்கிக்கினு திரியறேன். திங்கக்கிழமையோட இந்த ஊருக்கு ஒரு கும்பிடு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அன்றையிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. குடோனுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கிறேன். நேற்று எடை மேடைமேல் ஏறி நின்றுகொண்டு எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் முழித்தேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். வாழ்க்கையில் இப்படி நான் தவித்ததில்லை. உன் சித்தி தவித்திருக்கிறேன் என்பாள், நம்பாதே.

சரி, அந்தப் பேர் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. சிப்காட்டில் அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி இழுத்து மூடினாலும், பூட்டு தொங்குவதற்கு முன்னால் நான் கேட்டில் நிற்பேன். எப்படித் தெரியும் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்றாலே எந்த ஷெட்டில் துரு ஏறுகிறது என்று எனக்கு மூக்கில் தெரியும். உண்மையில் கேன்டீன்காரர்களை நான் சிநேகம் பிடித்து வைத்திருந்தேன். சாப்பாடு குறைந்தால் ஆள் குறைகிறது என்று அர்த்தம், ஆள் குறைந்தால் அப்புறம் இரும்புதான். ஒரு ஏலத்தில் என்னிடம் தோற்ற பெங்களூர் சேட்டு ஒருவர் எல்லார் முன்னாலும், "இவன் மனுசன் இல்லைப்பா, கழுகு" என்று கத்தினார். மற்றவனாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். நான் மறுநாளே கடைப் பலகையில் ஒரு கழுகை வரையச் சொன்னேன். பெயின்டர் அதுவரைக்கும் கிளி மட்டும்தான் வரைந்திருக்கிறான் போலிருக்கிறது. கழுத்தை மொட்டையாக்கி மூக்கைச் சிவப்பாக்கி, ஏதோ ஜோசியக் கிளிக்கு முடி கொட்டின மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆனாலும் ஆறு மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் 'கழுகு கடை எங்கே' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் உன்னைக் கழுகுக் குஞ்சு என்று கூப்பிட்டதும், நீ ஒருவனைச் சட்டை கிழிய அடித்துவிட்டு வந்ததும் எனக்குத் தெரியும். சித்தி பலகையை அழிக்கச் சொல்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அழிக்கவில்லை. இப்போதும் எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை, நவீன். நீ என்மேல் கோபப்படு, ஆனால் அந்தப் பறவைமேல் கோபப்படாதே. அதைப் பற்றி உனக்கும் தெரியாது, உன்னைப் பார்த்துக் கூவினவனுக்கும் தெரியாது.

நம்முடைய இந்த எல்லைப்புறத்தில் ஒரே பறவைக்கு எத்தனை மரியாதை, எத்தனை அவமரியாதை என்று பார். தெலுங்குக்காரர் ராபந்து என்பார். கன்னடக்காரர் ரணஹத்து என்பார், போர்க்களத்துப் பருந்து என்கிற மாதிரி அதற்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. நம் ஆட்களிடம் பாறு, எருவை என்று அழகான பழைய பேர்கள் இருந்திருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பிணந்தின்னி என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். ஆட்டுக்கறி சாப்பிடுகிற நாமும் பிணத்தைத்தான் தின்கிறோம், நம்மை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கழுகாவது எதையும் கொல்வதில்லை. நாம் கொன்று மசாலா போடுகிறோம்.

அதே கழுகு ஒரு மலைக்கோயிலில் சாமி. உச்சிவேளைக்கு இரண்டு கழுகு வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும் என்பார்கள். கல்யாணமான புதிதில் உன் சித்தியை அங்கே கூட்டிப்போனேன். வெயிலில் பாறை கொதித்தது. கூட்டமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது வந்தது பார், பஸ் கதவு அகலத்துக்கு ஒரு இறக்கை, நேராக என்னைப் பார்த்து ஒரு பார்வை, பொங்கலில் ஒரு வாய். இந்த இடத்தில் சித்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "அது பருந்துங்க. பொங்கலும் சாப்பிடல, உங்களயும் பாக்கல. கழுகு வர்றத நிறுத்திப் பல காலமாச்சின்னு அங்க இருந்த பூக்காரம்மா சொன்னாங்க. கண்ணு, இவர் எழுதறதுல பாதியத் தள்ளிட்டுப் படி." படித்துவிட்டுத் தள்ளு, தள்ளிவிட்டுப் படிக்காதே.

ஆனால் இப்போது சொல்லப் போவதில் ஒரு எழுத்தைக்கூட நான் கூட்டவில்லை. உன் அப்பா சம்பந்தப்பட்டது என்பதால் கூட்ட மனம் வராது.

எங்கள் ஊரில் மாடு செத்தால் ஊருக்கு மேற்கே பாறைக்காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளி தெரியும். அப்புறம் இன்னொன்று. கும்பலாக வந்து இறங்கினால், பொழுது சாய்வதற்குள் எலும்பு மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். நாற்றம் கிடையாது, ஈ கிடையாது. ஒரு கோடையில் எங்கள் செவலைப் பசு விழுந்துவிட்டது. ஏதோ விஷப்பூண்டைத் தின்றிருக்கும். வாயில் நுரை, கண் மேலே சொருகிவிட்டது. எங்கள் அப்பா கையை வைத்துப் பார்த்துவிட்டு முடிந்தது என்றார். வண்டியில் ஏற்றிப் பாறைக்காட்டில் தள்ளிவிட்டு வந்தோம். நானும் உன் அப்பாவும் மட்டும் பாறைமேல் உட்கார்ந்துகொண்டோம். எனக்குக் கழுகு பார்க்க ஆசை. அண்ணனுக்குச் செவலையை விட்டுப் போக மனசில்லை.

கழுகுகள் வந்தன. நாற்பது இருக்கும், ஐம்பதும் இருக்கலாம். செவலையைச் சுற்றி உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கிட்டே போகவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு, சாவு வீட்டில் பேச்சில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் மாதிரி அப்படியே இருந்தன. காக்கைகள் மட்டும் பொறுக்காமல் கண்ணைக் கொத்தப் பார்த்தன. அண்ணன் கல்லால் அடித்துத் துரத்தினார். வெயில் சாய்ந்தது. கழுகுகள் அசையவில்லை. அண்ணன் சட்டென்று எழுந்தார். "டேய், இது இன்னும் சாவலடா. செத்திருந்தா இதுங்க இந்நேரம் சும்மா இருக்குமா?" என்றார். இறங்கி ஓடினார். நான் ஊருக்கு ஓடி வெல்லம் கரைத்த கஞ்சியை ஒரு தூக்கில் கொண்டு வந்தேன். மூங்கில் குழாயை வாயில் வைத்து அண்ணன் அதை ஊற்றினார். கழுகுகள் தள்ளிப்போய் உட்கார்ந்து அதையும் வேடிக்கை பார்த்தன. செவலை காதை ஆட்டியது. மறுநாள் காலையில் எழுந்து நின்றது. அதற்கப்புறம் எத்தனையோ ஈத்து ஈன்றது. உன் பாட்டன் கையை வைத்துப் பார்த்து ஏமாந்தார், கழுகு ஏமாறவில்லை.

இப்போது அந்தப் பாறைக்காட்டில் கழுகு இல்லை. மாட்டுக்குப் போட்ட ஒரு வலி ஊசி மருந்து செத்த மாட்டின் உடம்பிலேயே தங்கி, அதைத் தின்ற கழுகுகளையெல்லாம் கொன்றுவிட்டது என்று கால்நடை டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். நாய்கள் பெருகிவிட்டன. ஒரு தடவை உன்னை வண்டியில் வைத்துக்கொண்டு ராமநகரம் வரைக்கும் போனேனே, கழுகு காட்டுகிறேன் என்று? மலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம் வழிந்த பாறை. பறவை ஒன்றும் இல்லை. நீ கேட்டுக் கேட்டு நச்சரித்தாய். உச்சியில் இருந்த ஒரு கல்லைக் காட்டி, அதோ தூங்குகிறது என்று சொன்னேன். நீ அந்தக் கல்லுக்குக் கையசைத்தாய். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குத்தான் யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

என் தொழிலை நான் அந்தப் பாறைமேல் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன் என்றால் பெருமையடிக்கிறேன் என்பாய். பெருமைதான். இத்தனை வருஷத்தில் கையால் சுற்றிப் பார்க்காமல் ஒரு மெஷினைக்கூட நான் வெட்டச் சொன்னதில்லை. கரண்ட் இல்லாத ஷெட்டில் ஸ்பிண்டிலை, அதுதான் மெஷினில் சுழலுகிற தண்டை, கையால் சுற்றுவேன். கரகரவென்றால் போய்விட்டது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி சத்தமில்லாமல் சுற்றினால் உள்ளே உயிர் இருக்கிறது, இரும்பை வெட்டுகிற கேஸ் கட்டர் கிட்டே வரக்கூடாது. நீ காலேஜ் லீவில் கடைக்கு வந்தபோது நான் போய்விட்டது என்று ஒதுக்கின ஒரு லேத்தைத் திரும்பச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, பேரிங்தான் போயிருக்குது, மெஷின் போவல" என்று சொன்னாயே, அது இன்றைக்கும் மத்திகிரிப் பக்கம் ஒரு பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வழியாகப் போனால் நான் வண்டியை நிறுத்திச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் போவேன். என்னைவிட உனக்குக் கை நன்றாகப் பேசும். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, கடையில் மற்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் நேற்று உன் கம்பெனி வாசலுக்கே போய்விட்டேன். என் பிள்ளையைப் பார்த்துக் கூவினவன் யார் என்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன். வெள்ளைச் சட்டை, தங்கச் செயின், எல்லாம் போட்டுக்கொண்டு. பந்தலில் ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். தஞ்சாவூர் பேச்சு, மதுரை பேச்சு, நடுவில் கன்னடம், தெலுங்கு. ஒரு அம்மா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை இங்க கூவினது யாருப்பா?" என்றேன்.

"நீங்க யாருங்க, லேபர் ஆபீசரா?" என்றாள் தக்காளி நறுக்குகிற அம்மா.

"கழுகு" என்றேன்.

பந்தலே சிரித்துவிட்டது. ஒரு பையன் எழுந்து, "அய்யோ, ஒரிஜினலே வந்துட்டாருடோய்! பெரியவரே, நாங்க இன்னும் சாவல, அடுத்த வாரம் வாங்க" என்றான். "செயினெல்லாம் போட்டுக்கினு வந்திருக்காரு, எலும்பு மாலைன்னு நெனச்சேன்" என்றான் இன்னொருவன். நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்ய, நன்றாகத்தான் சொன்னான். அப்போது ஓரத்தில் இருந்த ஒருவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "பன்னி அங்கிள், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்றான். "வாங்க, உக்காருங்க. கூவினது நான்தான்" என்றான். உன் சிநேகிதன் பிரகாஷ். நம் வீட்டுக்கு வந்து சித்தி கையால் களி சாப்பிட்டுவிட்டுக் கையை மோந்து பார்த்துக்கொண்டு போனவன்.

"நீயா?" என்றேன்.

"நானேதான். என் கல்யாணத்துல பந்தில நின்னு எல போட்டவன் அவன். அவன் டப்பாவத் தூக்கிக்கினு தலையக் குனிஞ்சிக்கினு போறான், எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சி. எங்களத் திட்டினாக்கூடப் பரவால்ல, ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருக்கலாம். அந்த லைன்ல போன மாசம் வரைக்கும் நைட் ஷிப்ட் ஓட்டினவன் நான். அது ஸ்கிராப்பா அங்கிள்? நீங்களே சொல்லுங்க."

"நான் பாக்காம எப்பிடிச் சொல்றது?"

"அவன் பாத்திருக்கறானில்ல!" என்று கத்தினான். கத்திவிட்டு, எனக்கு டீ சொல்லி அனுப்பினான். டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

அப்புறம் அங்கே இருந்தவர்கள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. கம்பெனியை ஓட்டவே முடியாது, மெஷினெல்லாம் செத்துவிட்டது என்று முதலாளிகள் சர்க்காரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் கேஸ் போட்டிருக்கிறார்கள். ஓடுகிற மெஷின் உள்ளே நின்றால் இவர்கள் பேச்சுக்கு ஒரு பிடி இருக்கும். இன்னொருவன் வாங்கி ஓட்டலாம், இவர்களில் பாதிப் பேரையாவது திரும்ப எடுக்கலாம். மெஷினை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் அப்புறம் கேஸ் ஜெயித்தாலும் காலி ஷெட்டுதான். அதற்குத்தான் உனக்குச் சிவப்பு மட்டும் கொடுத்து, வெள்ளையைக் கொடுக்கவில்லை.

இப்போது உன் வாயிலிருந்து ஒன்று எனக்குத் தெரியவேண்டும். நீ அந்த ஷெட்டில் சுற்றிப் பார்த்தாயா? பார்த்திருப்பாய், உன் கை சும்மா இருக்காது. என்ன சொன்னது?

கரகரவென்றால் போடு கோட்டை. எவன் கூவினாலும் கவலைப்படாதே. செத்ததை எடுத்துப் போடுகிறவன் இல்லாவிட்டால் இந்த ஊர் நாறிப் போய்விடும். மூடின ஷெட்டில் முள்ளும் பாம்பும்தான் வளரும். நாம் எடுத்து உருக்கக் கொடுத்தால் அது நாளைக்கு ஒரு பிள்ளையின் சைக்கிளாகும், ஒரு பாலத்துக்குக் கம்பியாகும். கழுகு என்று கூப்பிட்டால் தலையை நிமிர்த்தி, ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போ. நான் ஆயுள் முழுக்க அப்படித்தான் போனேன். பிரகாஷிடமும் அதையே சொல், அழுதாலும் புரிந்துகொள்வான்.

ஆனால் சத்தமில்லாமல் சுற்றியிருந்தால், அதன்மேல் சிவப்பு வைக்காதே. அது கழுகு செய்கிற வேலை இல்லை, நவீன். புனேயில் உன்னை யாரும் அந்தப் பேரால் கூப்பிடமாட்டார்கள் என்று நினைக்கிறாய். அங்கே ஒருவனுக்கும் தெரியாதுதான். உன் கைக்குத் தெரியுமே. அடுத்து எந்த ஸ்பிண்டிலைச் சுற்றினாலும் அதை நம்புவதா வேண்டாமா என்று உனக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தக் கை போனால் உன்னிடம் வேறு என்ன இருக்கிறது? படிப்பு இருக்கிறது என்பாய். படித்தவன் ஊருக்கு நூறு பேர் இருக்கிறான்.

இதையெல்லாம் நான் ஏதோ மகான் மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உண்மையைச் சொல்கிறேன், பந்தலில் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். உன் மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமை வரப்போகிற லாரி என்னுடையது. கட்டிங் ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த ஷெட்டில் இருக்கிற வார்ப்பிரும்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது. அப்படி ஒரு சரக்கு என் கைக்கு வந்து பல வருஷமாகிறது. முடியாது என்று நான் அவருக்குப் போன் பண்ணிச் சொல்லலாம். ரெண்டு தடவை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நான் விலகினால் அடுத்த நிமிஷம் இன்னொருவன் வருவான், அவன் கையால் சுற்றிக்கூடப் பார்க்கமாட்டான். இது சாக்கு என்று சித்தி சொல்கிறாள். இருக்கலாம். அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் உள்ளே வந்தால் நானே சுற்றிப் பார்த்துவிடுவேனே என்று நினைப்பாய். பார்க்கவிடமாட்டார்கள். கோடு போட்ட சரக்கை வெட்டி ஏற்றுவது மட்டும்தான் பேச்சு. ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தவன் நீ ஒருவன்தான். நீ குறுக்குக் கோடு போட்டிருந்தால் நான் உன் கையை நம்பி வெட்டுவேன். பொய்யாகப் போட்டிருந்தாலும் வெட்டுவேன், எனக்குத் தெரியாது பார். அந்தக் கட்டர் நெருப்புக்கு முன்னால் நிற்கிறவர்கள் என் கடைப் பையன்கள். அவர்களுக்கும் தெரியாது.

நீ வேலையை விடலாம், பிரஷ்ஷைத் தூக்கி எறியலாம். வெள்ளைப் பெயின்ட் நீயே வாங்கிப் போய் வட்டம் போடலாம். மேனேஜர் கத்துவார், கத்தட்டும். புனே போனால் போகட்டும். ஓசூரில் மெஷின் சத்தம் புரிகிறவனுக்கு வேலை இல்லாமல் போகாது. அதுவரைக்கும் நம் கடையில் உட்கார், ராஜா மாதிரி வைத்துக்கொள்கிறேன். இல்லை, போட்டுவிட்டுத்தான் போவேன் என்றால் அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. போனை அணைத்துவிட்டு ரயில் ஏறாதே. இந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியாது.

சாப்பிடுகிறாயா? அறைப் பையன்கள் நீ இரண்டு நாளாக டீயிலேயே ஓட்டுகிறாய் என்று சொன்னதாகச் சித்தி அழுகிறாள். கடிதத்தோடு ஒரு டப்பாவில் கொள்ளுத் துவையலும் சோறும் வைத்திருக்கிறாள். கோபத்தை என்மேல் காட்டு, அதன்மேல் காட்டாதே.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் உன் கம்பெனி கேட்டுக்கு வருவேன். அது மட்டும் உறுதி. டிரைவர் இப்போதே வந்து, எத்தனை மணிக்கு வண்டி எடுக்கறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். கொஞ்சம் பொறு, என் பையன் போன் பண்ணுவான் என்று சொல்லியிருக்கிறேன். அவன் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். உயிர் இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால், நான் லாரியை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து பிரகாஷ் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்காருவேன். செத்துவிட்டது என்று சொன்னால் லாரியோடு வருவேன். ஒன்றுமே சொல்லாவிட்டாலும் லாரியோடுதான் வருவேன், நவீன்.

போனை எடு.

சித்தப்பா